பாப்பாவின் தண்ணீர்

குழந்தைக்குப் பால் கலக்க அண்ணி சமையலறைக்குப் போகாமல் வாசலில் நின்ற காருக்குப் போனபோது தையற்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பால்மாவை வண்டியிலேயே விட்டுவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். குழந்தைக்குத் தைத்து வைத்திருந்த சின்னச் சட்டையைக் காட்டப் பின்னாலேயே போனாள். டிக்கி நிறையத் தண்ணீர் கேன்கள். ஒரு பகல் இருந்துவிட்டுப் போக வந்தவர்கள் கொண்டுவந்த தண்ணீர்.

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உங்க அண்ணன்தான் சொன்னாரு, பாப்பாவுக்கு இங்க தண்ணி குடுக்க வேண்டாம்னு."

அண்ணன் எண்ணெய்க் கம்பெனியில் மேற்பார்வையாளன். தெருக்கோடிப் பொது நிலத்தில் சூரியத் தகடுகள் வைத்து மின்சாரம் எடுக்கலாம் என்று சிலர் சொன்னபோது, அதெல்லாம் வேலைக்காகாது, எண்ணெய் எடுத்தால்தான் ஊர் நிமிரும் என்று வீடு வீடாக ஏறி இறங்கியவன். கூடவே ஏறி இறங்கியவள் தங்கையான இந்தத் தையற்காரி. அண்ணனைத் தெரியாதவர்களும் இவள் முகத்துக்காகத் தலையாட்டினார்கள். பிறகு கம்பெனியின் எண்ணெய்க் குழாய் வெடித்து வயல் கறுத்தது. அடிபம்புத் தண்ணீரில் ஒரு வாடை வந்தது. சோதித்துப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்று அவன் போனில் சொன்னதை இவள் தெருவுக்குச் சொன்னாள். எதிர்வீட்டுப் பெண் பிள்ளைத்தாய்ச்சி. பிரசவம்வரை அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டுமா என்று கேட்டவளை, "நான் குடிக்கலையா?" என்று சிரித்தே நிறுத்தி வைத்திருந்தாள்.

உள்ளே அண்ணன் கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தான். தையற்காரி எதிரே நின்றாள்.

"தண்ணில என்னண்ணா இருக்கு?"

எந்தத் தண்ணீர் என்று அவன் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

"சொன்னா நீ தெரு முழுக்கச் சொல்லிடுவே. என் வேலை போயிடும்."

"எப்பலேருந்து தெரியும்?"

"குழாய் வெடிச்சதுலேருந்து." குரலைத் தாழ்த்தினான். "உனக்கு மட்டும் கேன் அனுப்பலாம்னுதான் இருந்தேன். யாராவது பாத்துட்டா என்ன பண்றது?"

சிறுவயதில் காய்ச்சல் வந்தால் மாத்திரையைத் தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கசக்கவில்லை என்று சொல்லிக் கொடுத்தவன் இவன். கசந்தாலும் இவள் விழுங்குவாள்.

"என்னை வெச்சுத்தானே எல்லாரையும் நம்ப வெச்சே," என்றாள். "நானும் குடிச்சிட்டுத்தானே இருந்தேன்."

அவன் போனை எடுத்துப் பார்த்தான்.

சட்டையைக் கட்டிலில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். தெருவைக் கடந்தாள். எப்படி ஆரம்பிப்பது, தன்னிலிருந்தா, அண்ணனிலிருந்தா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறந்தேதான் இருந்தது.

"வாங்கக்கா. என்ன இப்படி வேர்த்திருக்கு, உக்காருங்க."

அந்தப் பெண் இடுப்பில் கைவைத்தபடி உள்ளே போய் இரண்டு டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒன்றை இவளிடம் நீட்டினாள். மற்றதைத் தன் வாய்க்கு உயர்த்தினாள். தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. தையற்காரியின் கை நீண்டு போய் அந்த டம்ளரின் வாயைப் பொத்தியது.