இடது குழல்

ப்ரிமோஷ் இறந்துபோன செய்தி வந்த அன்று அவனுடைய அப்பா கேட்ட முதல் கேள்வி, “எந்தக் குழல்?” என்பதுதான்.

அதற்காக ஆஸ்திரியாவின் மலையடியில் இருக்கும் எங்கள் ஃபெர்லாக் ஊர் முழுவதும் ஓஷ்பெய் ராவுனிக்கைத் தூற்றியது. பெற்ற பிள்ளை போயிருக்கிறான், இந்த மனுஷனுக்குத் துப்பாக்கிதான் பெரிசா என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துப்பாக்கிப் பட்டறையில் அவருக்குப் பக்கத்து மேசையில் பதினேழு வருடமாகக் கட்டை செதுக்குகிறவன் நான். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

கடிதத்தை எழுதியவர் ஆப்பிரிக்காவில், தங்கனீக்காவில் ஒரு மாவட்ட அதிகாரி. பாதிரியார்தான் படித்துச் சொன்னார். ப்ரிமோஷ் வேட்டைக்கு ஆட்களை அழைத்துப் போயிருக்கிறான். வந்தவர்களில் ஒருவர் காட்டெருமையைச் சுட்டுக் காயப்படுத்திவிட்டார். காயம்பட்டதை அப்படியே விடக்கூடாது என்று புதருக்குள் போனவன் ப்ரிமோஷ். எருமை பாய்ந்தது. அவன் சுட்ட முதல் குண்டு பட்டது, ஆனால் அது நிற்கவில்லை. இரண்டாவது குண்டுக்குத் துப்பாக்கி கைகொடுக்கவில்லை. அதற்குமேல் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

இரட்டைக் குழல் ரைஃபிளைச் செய்வதே அந்த இரண்டாவது குண்டுக்காகத்தான். ஒற்றைக் குழல் என்றால் கைப்பிடியை இழுத்து, தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். எருமை பத்தடியில் வரும்போது அதற்கு ஏது நேரம்? இரட்டைக் குழலில் வழக்கமாக வலது குழல் முதலில், விரலை அடுத்த விசைக்கு நகர்த்தினால் இடது. இரண்டு குழலுக்கும் தனித்தனிப் பொறி. ஒன்று கெட்டாலும் இன்னொன்று வெடிக்கும். வெடித்தால் மட்டும் போதாது, இரண்டு குண்டும் ஒரே இடத்தில் போய் விழ வேண்டும். அதுதான் ஓஷ்பெய்யின் வேலை. இரண்டு குழலையும் ஈயம் வைத்து ஒட்டி, நுனியில் நடுவே மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகிச் சுட்டுப் பார்ப்பார். கொஞ்சம் விலகினாலும் ஈயத்தை உருக்கி, ஆப்பை மயிரிழை நகர்த்தி, மறுபடி ஒட்டி, மறுபடி சுடுவார். சில துப்பாக்கிகளுக்கு மூன்று வாரம்கூடப் பிடிக்கும். வியன்னாவிலிருந்தெல்லாம் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள்.

அப்படி ஒரு ரைஃபிளின் விலைக்கு எங்கள் ஊரில் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கிவிடலாம். செய்கிற எங்களில் ஒருவருக்கும் சொந்தமாகக் கிடையாது. ப்ரிமோஷுக்கு மட்டும் இருந்தது. அவன் ஆப்பிரிக்கா போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து இரண்டு குளிர்காலம், பட்டறை வேலை முடிந்த பிறகு நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து செய்தோம். குழலும் பொறியும் ஓஷ்பெய். கட்டை நான், ப்ரிமோஷின் கை நீளம், கழுத்து, கன்ன எலும்பு எல்லாம் அளந்து வாதுமை மரத்தில் செதுக்கினேன். சித்திர வேலை அவன் அம்மா நேஷா. அவளைப்போல உலோகத்தில் கீறுகிறவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு பேர் இருந்தால் அதிகம். யானைத் துப்பாக்கியில் யானை போடுவதுதான் வழக்கம். ப்ரிமோஷ் கேட்டது வேறு.

“நம்ம மலையாட்டைப் போடும்மா. யானைய நான் அங்க நேர்லயே பாத்துக்கறேன்.”

“பாத்துட்டு ஓடி வந்துடாத. ஆட்டைப் பார்த்தே பயந்தவன்தானே நீ,” என்று சொல்லிக்கொண்டே நேஷா இடது பக்கத் தகட்டில், பாறை விளிம்பில் நிற்கும் ஒரு மலையாட்டைக் கீறினாள். அதன் முதுகு மயிர் ஒவ்வொன்றும் தெரியும்.

உடல் அங்கேயே அடக்கமாகிவிட்டது. இங்கே வெறும் பூசைதான். பூசை முடிந்து எல்லோரும் சூப் சாப்பிட உட்கார்ந்தோம். ஓஷ்பெய் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அங்கே இருக்கும் வெயிலைத் தான் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லையோ, இடது பொறியின் வில் கொஞ்சம் மென்மையாகப் போய்விட்டதோ என்று.

நேஷா எழுந்து நின்றாள்.

“நீ இனிமே கண்டுபிடிச்சு என்ன ஆகப்போகுது? உன் இடது குழல்தான் என் பிள்ளைய கொன்னுச்சு.”

மேசையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது. ஓஷ்பெய் கரண்டியை வைத்தார். “ஆமா,” என்றார்.

அடுத்த திங்கட்கிழமை முதலாளியிடம் போய், இனி குழல் சேர்க்கும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வார் மாட்டும் வளையங்களை அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கும் வேலை அது. ப்ரிமோஷின் சாமான்கள் ஒரு பெட்டியில் வந்தன. பூட்ஸ், சட்டைகள், செபப் புத்தகம். ரைஃபிள் இல்லை. கேட்டு இரண்டு முறை எழுதினார், பதில் இல்லை. யாரோ திருடியிருப்பார்கள் என்று முடிவு செய்தோம். கையில் கிடைத்திருந்தால் எது பிழை என்று பார்த்திருப்பார். கிடைக்காததால் ஒவ்வொரு நாளும் ஒரு பிழையைத் தானாக யோசித்துக் கண்டுபிடித்தார். மூன்று வருடம் இப்படியே போனது. வீட்டில் இருவரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டார்கள். சண்டை இல்லை, பேச்சும் அதிகம் இல்லை.

1961-இல், மலையில் பனி உருகிக்கொண்டிருந்த சமயம், ஜெர்மனியின் ப்ரேமனிலிருந்து ரோட்டர்முண்ட் என்று ஒருவர் வந்தார். காபி வியாபாரி. தன் ரைஃபிளுக்குப் பழைய தோட்டா இப்போது கிடைப்பதில்லை, புதுத் தோட்டாவில் இரண்டு குண்டும் விலகி விழுகின்றன, சரிசெய்ய வேண்டும் என்றார். லிப்பே, கட்டையில் கீறல் இருக்கிறதா பார் என்று முதலாளி என்னைக் கூப்பிட்டார். தோல்பெட்டியைத் திறந்தேன்.

கட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் அளந்த கன்னம் அது. திருப்பினேன். மலையாடு நின்றது.

“இது உங்ககிட்ட எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

அவர் பெட்டியின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “ராவுனிக் இன்னும் இங்க வேலை செய்யறாரா?” என்றார். “நான் தோட்டாவுக்காக மட்டும் வரலைங்க. மூணு நாளா விடுதியில உக்காந்துகிட்டு, வரலாமா வேண்டாமான்னு யோசிச்சுட்டிருந்தேன்.”

நான் போய் ஓஷ்பெய்யை அழைத்து வந்தேன். அவர் அரத்தூள் படிந்த கையோடு வந்து பெட்டியைப் பார்த்தார். கையைக் கால்சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். தொடவில்லை.

ரோட்டர்முண்ட் நின்றுகொண்டே சொன்னார். “தங்கனீக்காவுல, மோஷிங்கற ஊர்ல எனக்குக் காபிக் கிடங்கு இருந்துச்சு. உங்க பையன் வேலைய விட்டுட்டுச் சொந்தமா வேட்டைத் தொழில் ஆரம்பிக்கணும்னு அலைஞ்சான். வண்டி இல்ல. எனக்கு இந்தத் துப்பாக்கிமேல ஒரு கண்ணு. மூணு தடவை கேட்டேன். அப்பா செஞ்சது, அம்மா கீறினதுன்னு சொல்லி மாட்டேன்னுட்டான். நாலாவது தடவை என் லாரிச் சாவிய எடுத்து மேசைமேல வச்சேன்.”

“லாரியா?” என்றார் ஓஷ்பெய்.

“ஆமாங்க. துப்பாக்கியக் குடுத்துட்டு, ரெண்டு வருஷத்துல திருப்பி எடுத்துக்கறேன், அதுவரைக்கும் அப்பாவுக்குத் தெரியக்கூடாதுன்னு சொன்னான். அஞ்சாவது மாசம் போயிட்டான். கையில இருந்தது யார்கிட்டயோ இரவல் வாங்கின ஒத்தைக் குழல். ரெண்டாவது தோட்டா உள்ள சிக்கிக்கிச்சாம். நான் அப்பவே எழுதியிருக்கணும். எழுதல.”

அவரை ஓஷ்பெய் அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

“பழைய தோட்டா மிச்சம் இருக்கா?”

ஆறு இருந்தது.

சுட்டுப் பார்க்கும் இடம் ஊருக்கு வெளியே கல்குவாரியில். அறுபது மீட்டரில் குறி அட்டையைக் குத்தினேன். மூன்று வருடமாகத் துப்பாக்கியைத் தோளில் வைக்காத மனுஷன். வலது குழலைச் சுட்டார். விரலை நகர்த்தி இடதைச் சுட்டார். மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆறு ஓட்டையையும் ஒரு உள்ளங்கையால் மறைத்துவிடலாம்.

அட்டையை எடுத்துவந்து காட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைத் திறந்து, இடது குழலிலிருந்து வந்த வெற்றுத் தோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“வெடிக்குதுடா லிப்பே,” என்றார்.

“ஆமா.”

“மூணு தடவையும் வெடிச்சுது. அவன் கையில இருந்திருந்தா வெடிச்சிருக்கும்.”

அப்புறம் சரளைக்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளை செத்த செய்தி வந்தபோது அழாத மனுஷன் அன்றைக்குச் சத்தமாக, வாயைத் திறந்து அழுதார். ரோட்டர்முண்ட் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு ஓஷ்பெய்யைத் தொட்டுத் தூக்கக்கூடத் தோன்றவில்லை.

பட்டறைக்குத் திரும்பும் வழியில், “நேஷாகிட்டச் சொல்ல வேண்டாம்டா,” என்றார்.

“என்ன பேசறீங்க? உங்கமேல தப்பில்லைன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“எம்மேல தப்பில்லைன்னா அவன்மேலன்னு ஆயிடும். எட்டு மாசம் உக்காந்து கீறினா. அதை லாரிக்குக் குடுத்தான்னு அவகிட்ட நான் எப்படிச் சொல்றது? இருக்கட்டும். மூணு வருஷம் சுமந்துட்டேன், இன்னும் கொஞ்ச நாள்தானே.”

சொல்லாமலே இருந்திருப்பார். ஆனால் எங்கள் ஊர் சின்ன ஊர். மலையாடு போட்ட துப்பாக்கி வந்திருக்கிறது என்று சித்திர வேலைக்காரர்கள் சாயங்காலத்துக்குள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த நாள் காலை நேஷாவே பட்டறைக்கு வந்தாள். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் துப்பாக்கியைக் கையில் வாங்கி, ஜன்னலருகில் போய்த் தகட்டைப் பார்த்தாள். ரோட்டர்முண்ட் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

“என்ன கலர்?” என்று கேட்டாள் கடைசியில்.

“எதுங்க?”

“லாரி.”

“பச்சைங்க.”

அவள் தலையை ஆட்டினாள். ரோட்டர்முண்ட் தடுமாறித் தடுமாறி, துப்பாக்கியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார்.

“வேணாம்,” என்றாள் நேஷா. “எம்பிள்ளை குடுத்துட்டான். அவன் குடுத்ததை நான் திருப்பி வாங்கினா, அவன் என்னமோ திருட்டு வேலை பண்ணின மாதிரி ஆயிடும். நீங்களே வச்சுக்கோங்க. சுவத்துல மட்டும் மாட்டிடாதீங்க.”

பிறகு ஓஷ்பெய் பக்கம் திரும்பினாள். துப்பாக்கியை அவர் முன்னால் மேசையில் வைத்தாள். நேராக வெளியே போய்விட்டாள்.

ஓஷ்பெய் குழல் சேர்க்கும் மேசைக்குத் திரும்பினார். புதுத் தோட்டாவுக்கு அந்த ரைஃபிளைச் சரிசெய்யப் பதினெட்டு நாள் ஆயிற்று. ஈயத்தை உருக்குவதும் ஆப்பை நகர்த்துவதும் குவாரிக்கு நடப்பதுமாக இருந்தார். பழையதைவிட நெருக்கமாகவே சேர்த்துக்கொடுத்தார். ரோட்டர்முண்ட் வாங்கிக்கொண்டு போனார்.

இனி அந்த வீட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எண்ணியிருந்தேன். கோடை முடிவதற்குள் நேஷா ப்ளைபுர்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் நான் அவளிடம் கேட்டேன்.

“அவர்மேல இன்னும் என்ன கோவம்?”

“கோவம் இருந்தவரைக்கும் கூட இருந்துட்டேனே,” என்றாள். “ஊர் முன்னாடி அத்தனை பேச்சுப் பேசினேன். அவர் ‘ஆமா’ன்னார். இப்பவாவது என்னைத் திட்டலாம்ல? திட்ட மாட்டேங்கறார் லிப்பே. காப்பி போட்டுத் தர்றார். எப்படி அந்த முகத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்கிறது?”

ஓஷ்பெய் ஞாயிற்றுக்கிழமைதோறும் பேருந்தில் ப்ளைபுர்க் போய் வந்தார். ஒரு தடவை என்னையும் அழைத்துப் போனார். நேஷா சூப் ஊற்றினாள், முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். தங்கச்சி பேரனுக்குப் பல் முளைத்ததைப் பற்றிப் பேசினார்கள். பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுந்தபோது அவள் அவருடைய கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். மேல் பொத்தான் வரை போட்டுவிட்டு, அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள்.

“திரும்பி வரச் சொல்லிக் கேக்கலாம்ல?” என்றேன் பேருந்தில்.

ஓஷ்பெய் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “கேட்டா வந்துடுவாடா, அன்னைக்குப் பேசினதுக்காகவே,” என்றார். “அதான் கேக்கல.”