முதல் மீன் வரட்டும்

ஒருவர் தூண்டில் தடி தெரிந்தெடுப்பதைப் பார்ப்பதற்காக ஒரு காலை முழுவதும் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

யுத்தம் முடிந்த கையோடு கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கின. வலை இழுப்பவர்கள் தங்கும் எங்கள் கரைவலை வாடிக்குப் பக்கத்திலும் ஒன்று வந்தது. முதலாளி ஜெயகாந்தன், கொழும்புக்காரர். தெருவிலிருந்து கடற்கரைக்குப் போகிற எங்கள் மணல் பாதை அவர் வாங்கிய காணிக்குள் விழுந்துவிட்டது. விற்றவன் பாதையைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை. அந்தப் பெப்ரவரியில் வேலி போட ஆட்கள் வந்து குழி தோண்டினார்கள். பாதை மூடினால் ஐஸ் லொறி கரைக்கு வராது. மீன் பெட்டிகளை இரண்டு மைல் மணலில் சுற்றிச் சுமக்க வேண்டும். என் வலையை இருபத்தெட்டுப் பேர் இழுக்கிறார்கள். வலைக்கும் ஆட்களுக்கும் பொறுப்பான சம்மாட்டி நான். கேட்க வேண்டிய வாய் என்னுடையது.

நான் போவதற்கு முன் அவரே ஆள் அனுப்பிவிட்டார். அன்று இரவு கனடாவுக்குப் பறக்கிறாராம். மகன் இருக்கும் ஊரில் ஓர் ஆறு, அந்த ஆற்றில் ஸ்டீல்ஹெட் என்று ஒரு மீன். அதைப் பிடிக்க இரண்டு கையாலும் வீசுகிற தடி வேண்டுமாம். மூன்று தடிகளை வெளிநாட்டிலிருந்து இறக்கி வைத்திருந்தார். வீசிப் பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும்; கடலையொட்டிய களப்பில் கால் புதையாத இடம் காட்ட நான் வேண்டும்.

“அல்லாஹ் வழிய தொறந்துட்டான்” என்றாள் என் மனைவி நஃபீஸா. “மனுசன் சந்தோசமா இரிக்கக்குள்ள கேளுங்க.”

எங்கள் வாடியில் ஒரு வழக்கம் உண்டு. புது வலையோ புதுக் கயிறோ தண்ணீரில் இறங்கினால், முதல் மீன் கரைக்கு வரும்வரை யாரும் அதன் சொந்தக்காரனிடம் எந்தத் தேவையும் சொல்லக்கூடாது. சொன்னால் பரக்கத் போய்விடும், பிறகு மீன் விழாது. மீன் பட்ட பிறகு கேட்டால் அவன் மறுக்கக்கூடாது. என் வாப்பாவிடம் ஒருவன் அப்படிக் கேட்டு ஒரு தோணியையே வாங்கிப் போனான். அவருடையதும் புதுத் தடிதானே. ஆகவே நான் கணக்குப் போட்டேன்: முதல் மீன் வரட்டும், அந்த நிமிடமே பாதையைக் கேட்போம்.

பெரிய புத்திசாலி நான்.

முதல் தடி பதினைந்து அடி. அவர் தலைக்கு மேல் சுழற்றினார். நூல் ஒரு குவியலாக அவருக்கு முன்னாலேயே விழுந்தது. பத்து முறை விழுந்தது. மற்ற இரண்டு தடிகளையும் தோளில் சாய்த்துக்கொண்டு நான் சிரித்தபடி நின்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் முகத்தைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

“நீங்க என்ன நினைக்கிறீங்க, நானா?” என்றார். எங்கள் ஆட்களில் அண்ணனை ‘நானா’ என்போம்; அவரும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார்.

“இதுதான் சேர். பெரிய மீனுக்கு நல்ல விறைப்பா இரிக்கோணும்.”

அவர் தலையசைத்தார். “மீனைத் தூக்கிறதுக்கு இல்ல நானா இது. தடி வளைஞ்சாத்தான் நூல் தூரம் போகும்.” மீனைப் பற்றி எனக்குப் பாடம். நாற்பது வருடம் கடலில் கிடந்தவன், “ஓம் சேர், ஓம் சேர்” என்றேன்.

இரண்டாவது பதினொரு அடி. அது பிரம்பு மாதிரி ஆடியது, காற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை. அதை என்னிடம் நீட்டும்போது அவருடைய போன் அடித்தது. “ஓம்... ஓம், இண்டைக்கே முடிச்சிருங்க” என்று சொல்லி வைத்தார். ஹோட்டல் விஷயம் என்று நினைத்தேன். பேச வாய் திறந்தேன். மீன் இன்னும் படவில்லை. மூடிக்கொண்டேன்.

மூன்றாவது பதின்மூன்று அடி. அதை எடுத்ததும் மனிதரின் கை மாறிவிட்டது. நூல் தண்ணீரை உரசி, எழும்பி, நீட்டி நிமிர்ந்து போய் விழுந்தது. நுனியில் இருந்த சிவப்புத் துணுக்கு முப்பது யார் தூரம் தாண்டித் தண்ணீரைத் தொட்டது. அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். அதற்கப்பால் மணலை என்கிற மீன்கள் கூட்டமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. இப்போது படும், இதோ படும் என்று நான் மனதுக்குள் பிஸ்மி சொன்னேன். அவர் வீசினார், இழுத்தார், வீசினார். வெயில் ஏறியது. பிறகு நூலைச் சுற்றத் தொடங்கினார்.

“மீன் ஒண்டும் படல்லியே சேர். இன்னும் கொஞ்சம் பாப்பமே.”

அவர் நூலின் நுனியை என் முன்னால் பிடித்துக் காட்டினார். “எப்படி நானா படும்? முள் போடவே இல்லையே. தடி பார்க்கத்தானே வந்தம். இது வெறும் கம்பளி நூல்.”

இரண்டரை மணித்தியாலம். இருபத்தெட்டுக் குடும்பத்தின் பாதையை ஒரு கம்பளித் துணுக்கில் கட்டி வைத்துவிட்டு, நான் மீன் வரும் என்று காத்திருந்திருக்கிறேன். சீ என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காருக்குப் பக்கத்தில், இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு நின்று, பாதையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். முகம் வாடிவிட்டது.

“ஏன் நானா இவ்வளவு நேரம் சொல்லாம இருந்தீங்க? காலையில சொல்லியிருந்தா பத்தடி விட்டு அடைக்கச் சொல்லியிருப்பன். வேலி போடுற ஆட்கள் போன்ல கேட்டது அதைத்தான். இப்ப தூண் எல்லாத்துக்கும் கொங்கிறீட் ஊத்தியிருப்பாங்க. இனி ஹோட்டல் பங்காளிகளக் கேக்காம உடைக்க ஏலாது. மூணு மாசத்தில வந்து பார்ப்பம்.”

மூன்று மாதத்தில் கடல் பொங்கிவிடும். கரைவலைக் காலமே முடிந்துவிடும். அது அவருக்குத் தெரியாது. என் கையைப் பிடித்துக் குலுக்கி, “தடி எடுக்க நல்ல உதவி செஞ்சீங்க” என்றார். அந்த மனிதரில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

வாடியில் எல்லோரும் வலையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தோணிக்குச் சுக்கான் பிடிக்கும் என் மச்சான் ஃபாஹிம் எழுந்து வந்தான்.

“என்ன மச்சான் சொன்னார்?”

“காலையிலயே கேட்டேன்” என்றேன். “ஏலாதுண்டு சொல்லிட்டான்.”

ஏச்சு தொடங்கியது. ஜெயகாந்தனை ஏசினார்கள், அவர் ஹோட்டலை ஏசினார்கள், கனடாவையும் விடவில்லை. எல்லோரையும் விடச் சத்தமாக நான் ஏசினேன்.

ஃபாஹிம் என் தோளில் கை வைத்தான். “நீங்க போய்க் கேட்டீங்களே மச்சான். எங்களுக்கு அது போதும்.”

அதையும் வாங்கிக்கொண்டேன்.