வரிசையில் மூன்றாவது இடம்

அவள் கணவர் இருபத்திரண்டு வருஷம் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். சமையல் மேடைக்குப் பதிக்கிற பளபளப்பான கற்களை அளவெடுத்து அறுத்துக் கொடுப்பது தொழில். அந்தத் தூள் நுரையீரலில் படிந்து படிந்து, நாற்பத்தொன்பது வயதில் குளியலறைக்குப் போய்த் திரும்புவதே அவருக்கு மலையேறுகிற மாதிரி ஆகிவிட்டது. மார்பு ஆஸ்பத்திரியில் சொன்னபடி ஆக்சிஜன் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கட்டிலை ஒட்டி வைத்திருந்தார்கள். அது வந்த அன்று, “உனக்குச் சக்களத்தி வந்துட்டா. விடிய விடிய முணுமுணுக்கிறா பாரு” என்றார். குழந்தைகள் இல்லாத வீடு. அந்த முணுமுணுப்பு இருவருக்குமே பழகிப்போனது.

அவளுக்கு ஹோட்டல் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவை நிலையத்தில் வேலை. சூடான உருளைக்குள் ஈரத் துணியைச் சுருக்கமில்லாமல் கொடுக்க வேண்டும். காலையில் போனால் மதியம் திரும்பிவிடுவாள்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்து, இடைவிட்டு இடைவிட்டுக் கீச்சென்று சத்தம் கேட்டது. மெஷின் மேல் ஒட்டியிருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அடித்தாள். அது சாதாரண எண் இல்லை என்பது அப்போது அவளுக்குத் தெரியாது. மொழிக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று, புகாருக்கு ஒன்று என்று வரிசையாக அமுக்கச் சொன்னார்கள். பிறகு இசை. அவளுடைய அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண்குரல் நடுநடுவே சொன்னது. பதினோராவது நிமிஷம் போனில் இருந்த காசெல்லாம் தீர்ந்து லைன் அறுந்தது.

மறுநாள் சலவை நிலையத்து முதலாளியம்மாவிடம் கேட்டு அங்கிருந்து பேசிப் பார்த்தாள். இருபது நிமிஷம் கழித்து முதலாளியம்மா வந்து, அந்த நம்பர் நிமிஷத்துக்கு நிமிஷம் பணத்தை விழுங்கும், அடுத்த தடவை உன் போனிலேயே பேசிக்கொள் என்று கோபப்படாமல்தான் சொன்னார். கம்பெனியின் அலுவலகம் வேறு ஊரில் இருந்தது. நேரில் போய் நிற்கவும் வழியில்லை.

புதன்கிழமை அவள் லீவு போட்டாள். வழக்கத்தைவிட நாலு மடங்கு ரீசார்ஜ் செய்துகொண்டு கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தாள். அன்றைக்கு வரிசை எண்ணைச் சொன்னார்கள். முப்பத்தொன்றாவது இடம். அவள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்தாள். பத்தொன்பது வந்தபோது விளக்கு சிவப்பாகி மெஷின் நின்றுவிட்டது. அவசரத்துக்கென்று கொடுத்திருந்த சின்ன சிலிண்டரை மாட்டினாள். முந்தைய மாதம் கரண்ட் போனபோதெல்லாம் எடுத்ததில் அதன் முள் பாதிக்கும் கீழே இருந்தது.

ஒன்பது. ஏழு. வீட்டில் இருந்தது அந்த ஒரே போன். பக்கத்து வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மூன்று என்று குரல் சொன்னபோது அவள் காத்திருக்க ஆரம்பித்து இரண்டு மணி நேரம் ஆகப்போகிறது. சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

“என்னங்க, இத கட் பண்ணிட்டு ஆம்புலன்ஸ கூப்பிடட்டுமா?”

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். “மூணாவதுதானே. இரு” என்று மூச்சு வாங்கியபடி சொன்னார். “வச்சிட்டா மறுபடி முதல்லேர்ந்து.”

அவளுக்கும் அதேதான் தோன்றியது. இத்தனை நேரம் காத்திருந்தாயிற்று, இன்னும் ஐந்து நிமிஷம். ஆனால் மூன்றாவது இடம் பதினாறு நிமிஷம் நகரவில்லை. அந்தப் பதினாறு நிமிஷமும் அவள் அவரைப் பார்க்கவில்லை, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு என்று கேட்டதும் அதைச் சொல்வதற்காகத் திரும்பினாள். அவர் உதடு நீலமாக இருந்தது. கை கட்டிலின் சட்டத்தைப் பிடித்திருந்தது, பிடியில் பலமில்லை.

அவள் லைனை அறுத்துவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தாள். உடனே எடுத்தார்கள். பதினான்கு நிமிஷத்தில் வந்தார்கள். ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் அவர் இறந்துபோனார். நடுவில் ஒருமுறைகூடக் கண் திறக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, வாடகைத் தேதி தாண்டிவிட்டது என்று கம்பெனியே ஒரு மெக்கானிக்கை அனுப்பியது. இளவயதுக்காரன். வேலை செய்யவில்லை என்று அவள் சொன்னதும், கைப்பழக்கத்தில் மெஷினின் பின்பக்கத்தைத் திறந்து வடிகட்டியை உருவினான். தூசி அதில் கம்பளி மாதிரி அப்பியிருந்தது. பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்துச் செருகி சுவிட்சைப் போட்டான். மெஷின் முணுமுணுக்க ஆரம்பித்தது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது.

அதற்குப் பிறகுதான் அவன் காலிக் கட்டிலைப் பார்த்தான். அவசரமாக சுவிட்சை அணைத்தான்.

“போன் பண்ணினீங்களா அக்கா?”

அவள் மூன்று நாள் கதையையும் சொன்னாள். அவன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, புது மெஷின் வாங்க வருகிறவர்களுக்கென்று காசு பிடிக்காத எண் ஒன்று இருக்கிறது, விளம்பரத்தில் போட்டிருப்பார்கள், போன் இரண்டு தடவை மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார்கள் என்றான். புது மெஷின் வேண்டும், ஆனால் முதலில் ரிப்பேர் பார்ப்பவர்களிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்று சொன்னால் நேரே மெக்கானிக்குகளுக்கே இணைப்பு கொடுப்பார்களாம்.

“இத ஏன் தம்பி மெஷின் மேல ஒட்டல?”

“நாங்க சொல்லவே கூடாதுன்னு உத்தரவுக்கா.”

அவள் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அவன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வாசலைத் தாண்டினான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் படுத்திருந்த பக்கம் உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வரும்வரை அழுதாள். ரெண்டு தடவை மணி அடிப்பதற்குள். அதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

மார்பு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதோறும் மெஷின் வைத்திருப்பவர்களுக்குச் சோதனை. அடுத்த வியாழன் வேலை முடிந்ததும் அவள் அங்கே போனாள். சலவை ரசீதுகளின் பின்பக்கத்தில் எண்ணையும் சொல்ல வேண்டிய பொய்யையும் எழுதி எடுத்துப் போயிருந்தாள். கூடத்தில் முதலில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் ஒன்றை நீட்டி விவரம் சொன்னாள். உங்கள் வீட்டில் யாருக்கு என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் உள்ளதைச் சொன்னாள். பெண்ணின் முகம் வெளுத்தது. தன் அப்பாவின் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். சீட்டு இருக்கையிலேயே கிடந்தது.

அவள் அதை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தூணோரம் நின்றாள். பிறகு அடுத்த வரிசைக்குப் போனாள். தாடி வைத்த ஒருவர், மனைவியின் மூக்குக் குழாயைச் சரிசெய்தபடி சீட்டை வாங்கிப் படித்தார்.

“பொய் சொல்லணுமாம்மா?”

“சொல்லுங்க. கூச்சப்படாதீங்க. சேவை நம்பர்ல மட்டும் காத்துக்கிடக்காதீங்க. மூச்சு முட்டுச்சுன்னா எந்த லைனா இருந்தாலும் அறுத்துட்டு ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.”

அவர் சீட்டைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். “உங்க வீட்ல யாருக்கு?”

“என் வீட்டுக்காரருக்கு.”

“இப்ப எப்படி இருக்கார்?”

மனைவி குழாய்க்கு மேலாகக் கண்ணை உயர்த்தி அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“நல்லா இருக்கார்” என்றாள்.

அந்த வியாழன் பதினேழு சீட்டுகள் போயின.