பிடிகாரரின் பிள்ளைகள்

நாவலில் என் அப்பா குடிகாரர். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், போதையில் சர்க்கஸ் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு பாய்ந்து வரும் பெண்ணைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறார். எழுத்தாளர் பெயரை மாற்றியிருந்தார், ஊரையும் மாற்றியிருந்தார். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒருத்தியைத் தவறவிட்ட பிடிகாரர் யார் என்பது பழைய சர்க்கஸ்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

நூலகத்து மாடியில் அந்த நாவலுக்கு வாசகர் கூட்டம், எழுத்தாளரும் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் தம்பி என்னை இழுத்துவந்தான். அப்பா பெயரைக் காப்பாற்ற வேண்டுமாம். அந்தப் பெண் விழுந்தபோது அவன் பிறக்கவேயில்லை. எனக்கு ஒன்பது வயது, கூடாரத்துக்குள் இருந்தேன்.

மருந்துக்கடைக்காரம்மா முதலில் எழுந்தார். "அவ விழுற இடத்தைப் படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்குச் சாப்பாடே இறங்கல. அந்தப் படுபாவி மட்டும் எண்பது வயசு வரைக்கும் நல்லா இருக்கான்."

"டிரைவர் குடிச்சிருந்தா நான் விசிலே ஊத மாட்டேன்," என்றார் ஓய்வுபெற்ற கண்டக்டர். "இவங்க என்னடான்னா, ஆளைத் தலைகீழா தொங்கவிட்டுக் கையும் தட்டியிருக்காங்க."

சிரித்தார்கள். நான் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தேன்.

"எனக்கு அந்த டிரம் அடிக்கிற அம்மாவைத்தான் பிடிச்சது," என்றாள் ஒரு கல்லூரிப் பெண். "அப்படிப்பட்ட புருஷனோட கடைசி வரைக்கும் இருந்தாங்களே. தெய்வம்."

தம்பியின் கண் கலங்கியது. அம்மா என்றால் அவனுக்கு உயிர். "பேசுக்கா," என்று முழங்கையால் இடித்தான்.

எழுந்தேன். "நான் அந்தப் பிடிகாரரோட பொண்ணு. எங்கப்பா ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்ல."

எழுத்தாளர் முகம் வெளுத்தது. "மன்னிச்சுக்கங்கம்மா. அடுத்த பதிப்புல திருத்திடுறேன்." பேனாவைத் திறந்தார். "அப்போ எப்படித் தவறிச்சு?"

அதை யோசிக்காமல் வந்துவிட்டிருந்தேன்.

கண்ணைக் கட்டியவளுக்கு டிரம்தான் கண். அது அதிர்ந்துகொண்டிருக்கும்வரை உயரத்து மேடையில் காத்திருப்பாள். நின்ற நொடியில் பாய்வாள். அப்பாவின் ஊஞ்சல் அவளை நோக்கித் திரும்பும் நேரம் பார்த்து டிரம்மை நிறுத்துவது அம்மாவின் வேலை. அன்று டிரம் நின்றபோது அப்பா இன்னும் பின்னால் போய்க்கொண்டிருந்தார். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றிருந்தேன். அவள் அண்ணாந்து அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பொறாமையா, கைச்சோர்வா, நான் கேட்டதில்லை. அப்பாவும் கேட்கவில்லை. "என் கை தவறிடுச்சு" என்று முதலாளியிடம் சொன்னார். சாகும்வரை அதையே சொன்னார். இன்றும் அடைமழை சட்டென்று நின்றால், யாரோ பாய்ந்துவிட்டார்கள், பிடிக்க ஆள் இல்லை என்று தோன்றும்.

"கை வேர்த்திருச்சு," என்றேன்.

"பவுடர் தேய்ச்சுக்குவாங்களே?" எழுத்தாளர் விசாரித்துத்தான் எழுதியிருந்தார்.

"அன்னைக்கு மறந்துட்டாரு."

எழுதிக்கொண்டார். சாப்பிட உட்காரும்முன்கூட உள்ளங்கைகளைத் தேய்த்து ஈரம் பார்த்துக்கொள்ளும் மனிதர் அப்பா.

"மறதியா?" என்றார் கண்டக்டர் மெதுவாக. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தெருவில் தம்பி எனக்கு முன்னால் நடந்தான். முனையில் நின்று திரும்பினான்.

"நீ வாயை மூடிட்டே இருந்திருக்கலாம்கா. குடிகாரன்னாலாவது கதைன்னு விட்டிருப்பாங்க. இப்போ பெத்த பொண்ணே சாட்சி சொல்லிட்டா."

நான் அவனைக் கடந்து நடந்தேன். பின்னாலேயே வந்து கேட்டான்:

"அவர் மறந்தது அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு எல்லாம் தெரியும்."

"தெரிஞ்சும் ஒரு நாளாவது அப்பாவைக் குத்திக் காட்டியிருக்காங்களா? அதான் அம்மா."

அவன் குரலில் பெருமை திரும்பியிருந்தது. குடும்பத்தில் ஒருவருடைய பெயராவது அவனுக்கு மிஞ்சட்டும்.

"இல்லப்பா," என்றேன். "ஒரு நாளும் சொன்னதில்ல."