சீமைப் பரணியில் மதியச் சாப்பாடு

பொன்முடியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த துரை ஒருவர், சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து, துரைசானியைக் கூட்டிக்கொண்டு சீமைக்கே திரும்பிப் போய்விட்டார். கப்பலில் ஏற்ற முடியாத தட்டுமுட்டுச் சாமான்களெல்லாம் மலையிறங்கிப் பழவங்காடியில் ஒரு கடைக்கு வந்து சேர்ந்தன. நாற்காலி, மெத்தை, நாய்ச் சங்கிலி என்று ஆளுக்கொன்றாக வாங்கிப் போனார்கள். பழங்களைப் பாகில் போட்டுக் காற்றுப் புகாமல் அடைத்து வைக்கிற கண்ணாடி ஜாடிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. திருவனந்தபுரத்துக்காரர்கள் பரணி என்று சொல்கிற அந்த ஜாடிகளை மட்டும் யாரும் சீண்டவில்லை. தாணுமாலயன் பிள்ளை சீண்டினார்.

பிள்ளைக்குப் புளிமூட்டில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கணக்கர் வேலை. சொந்த ஊர் பூதப்பாண்டிப் பக்கம், குடியிருப்பது கரமனையில். ஒரு புதுச் சாமானைப் பார்த்துவிட்டால் அதைப் பற்றி அங்கேயே நின்று ஒரு பிரசங்கம் செய்யாமல் அவரால் நகர முடியாது. கடைக்காரனிடமே அந்த ஜாடியின் மகிமையை விளக்கிவிட்டுத்தான் வாங்கினார். வாங்கின சூட்டோடு வீட்டிலிருந்த பித்தளை டிபன் கேரியரைச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டார். அதற்குப் பிறகுதான் மனைவி சொர்ணம்மாளிடம் விஷயத்தைச் சொன்னார்.

"எங்க அப்பா சீரா தந்த கேரியரையா?" என்றாள் சொர்ணம்மாள்.

"பித்தளையில களிம்பு ஏறும் சொர்ணம். புளி பட்டா விஷமாக்கும். இது கண்ணாடி. காத்துப் புகாது, ஈ புகாது. தலைகீழாக் கவுத்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. நாகர்கோவிலுக்குப் பஸ்ஸுல போனா காப்பியை இதிலேயே கொண்டு போலாம், இதிலேயே குடிக்கலாம். இந்தக் கம்பிக் கொக்கியைப் பாரு, இந்த ரப்பர் வளையத்தைப் பாரு. இப்பிடிப் போட்டு, இப்பிடி அமுக்கினா..."

பிரசங்கம் முடியும்வரை சொர்ணம்மாள் நின்று கேட்டாள். பிறகு நல்லதாகப் பார்த்து ஒரு ஜாடியை எடுத்துக்கொண்டு போய், அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த மாங்காய் ஊறுகாயைச் சூட்டோடு அதில் ஊற்றி மூடி வைத்தாள். பேச்சு அவ்வளவோடு முடிந்தது. ஆனால் அந்தக் கேரியர் ஒரு நாள் அவள் வாயில் திரும்ப வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். அதனால் ஜாடி ஜெயித்தே ஆக வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் சாம்பார் சாதத்தைக் கொதிக்கக் கொதிக்க ஜாடியில் போட்டு, மேலே தேங்காய்ப்பூ தூவின பயத்தங்காய்த் துவரனை வைத்து, கொக்கியை மாட்டிக் கொடுத்தாள் சொர்ணம்மாள். ஆபீசில் பிள்ளை அதை மேஜைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். கீழே மஞ்சளும் மேலே பச்சையுமாக அது பார்க்கவே அழகாக இருந்தது. மதியம் ஒரு மணிக்கு எல்லோரையும் கூப்பிட்டுக் களிம்பில் ஆரம்பித்துக் கண்ணாடி வரைக்கும் பேசினார். பேசி முடித்துக் கொக்கியை விடுவித்தார். மூடியைத் தூக்கினார்.

மூடி வரவில்லை.

சிரித்துக்கொண்டே மறுபடி தூக்கினார். வேட்டி நுனியால் பிடித்துத் தூக்கினார். ஜாடியை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தூக்கினார். ஜாடியோடு சேர்ந்து அவரும் எழுந்தாரே தவிர மூடி அசையவில்லை.

பக்கத்து நாற்காலி ஸ்ரீகண்டன் நாயர் எட்டிப் பார்த்தார். "எந்தா பிள்ளேச் சாரே, பூட்டுப் போட்டுத் தாக்கோலை வீட்டில வச்சிட்டு வந்தோ?"

நாயர் வாலிப வயதில் பந்து விளையாடியவர். இரண்டு கையாலும் ஜாடியைக் கட்டிப்பிடித்துப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். சத்தம் கேட்டு அறையிலிருந்து மானேஜர் பஞ்சாபகேச ஐயர் வந்தார். "ஆபீஸ்ல என்ன ஓய் கூத்து? இங்க தாரும்" என்று வாங்கி, காகிதம் கிழிக்கிற கத்தியை மூடியின் இடுக்கில் விட்டு நெம்பினார். கத்தி வளைந்தது. வளைந்த கத்தியையும் ஜாடியையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். "இது உள்ளேருந்து தாழ் போட்டிருக்கு ஓய்."

உடைத்து எடுக்கலாமென்றால் கண்ணாடிச் சில்லோடு யார் சாம்பார் சாதம் சாப்பிடுவது? பிள்ளை பக்கத்துப் போத்தி ஹோட்டலுக்குப் போய் ஒரு நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வந்தார். சாயங்காலம் வரைக்கும் துவரன் கண்ணாடிக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு எடுத்துப் போனால் கேரியர் பேச்சு வரும். வழியில் ஒரு மாட்டுக்குப் போடலாமென்றாலும் திறந்தால்தானே போட முடியும். பழைய பாலிசிக் கட்டுகள் இருந்த அலமாரியில், கட்டுகளுக்குப் பின்னால் ஜாடியை ஒளித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்.

"ஜாடி எங்க?" என்றாள் சொர்ணம்மாள்.

"ஸ்ரீகண்டன் நாயர் கண்டதும் மயங்கிப் போனாரு. பொண்டாட்டி சரசம்மாகிட்டக் காட்டிட்டுத் தாறேன்னு வாங்கிட்டுப் போயிருக்காரு."

"சாப்பாடு எப்பிடி இருந்துது?"

"அமிர்தம்."

அந்த ஒரு ஜாடியில்தான் ஏதோ கோளாறு என்று பிள்ளை நம்பினார். மறுநாள் வேறு ஜாடியில் எலுமிச்சம்பழச் சாதம் சுடச்சுட வந்தது. அதுவும் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் புளிச்சாதம். கூடவே, பஸ்ஸுக்கு ஒத்திகை பார்க்கலாமே என்று அவள் ஒரு சின்ன ஜாடியில் காப்பியும் ஊற்றிக் கொடுத்தாள். சாதத்துக்குப் பக்கத்தில் காப்பியும் சிறைப்பட்டது. வியாழனும் வெள்ளியும் இன்னும் இரண்டு ஜாடிகள் அவற்றோடு போய்ச் சேர்ந்தன. ஆபீசில் எல்லோரும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பாகவே வந்து சுற்றி நின்றார்கள். சிலர் பந்தயம்கூடக் கட்டினார்கள். பிள்ளை இழுத்துப் பார்த்துவிட்டுப் போத்தி ஹோட்டலுக்கு நடந்தார்.

பொய்யை மாற்றிச் சொல்ல அவருக்கு வரவில்லை. கேட்கும்போதெல்லாம் வாயில் வந்தது நாயர் பேர்தான்.

"இன்னைக்கும் நாயரா? அவருக்கு எத்தனை ஜாடிதான் வேணும்?"

"அவருக்கு அக்கா வீடு ஒண்ணு இருக்கே."

"நேத்து தங்கச்சி வீடுன்னேள்."

"அது நேத்து."

"நாயர் என்ன பரணிக் கடை வைக்கப் போறாரா?" என்றாள் சொர்ணம்மாள். இருந்தாலும் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். தன் சாப்பாடு போன பாத்திரத்துக்கு இத்தனை கிராக்கியா!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் போடப் போனாள். அங்கே நாயரின் மனைவி சரசம்மாவைக் கண்டாள். அதன் பிறகு நடந்தது எதுவும் பிள்ளைக்குத் தெரியாது. அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

சனிக்கிழமை காலையில் ஸ்ரீகண்டன் நாயர் குடையை மடக்காமலேயே ஆபீசுக்குள் வந்தார். தலை சீவியிருக்கவில்லை.

"பிள்ளேச் சாரே! என்டெ சரசம்மா நேத்து எனக்குக் கஞ்சி வெளம்பலை. 'பிள்ளேச் சாரோட பரணியெல்லாம் எந்த வீட்டுக்குப் போச்சு? அவளோட பேரு எந்தா?'ன்னு ஒரே சோத்தியம். நான் பகவதியாணே எதுவும் வாங்கலைன்னு சொன்னா நம்பமாட்டேங்குது. நான் எப்போ பரணி கொண்டுபோனேன்? ஏது அவள்?"

பிள்ளை நாயரைத் தனியாக அலமாரிப் பக்கம் கூட்டிப் போய்ப் பாலிசிக் கட்டுகளை விலக்கிக் காட்டினார். இருட்டுக்குள் வரிசையாகச் சாம்பார் சாதம், எலுமிச்சம்பழச் சாதம், புளிச்சாதம், காப்பி, அதற்கப்புறம் வந்த இரண்டும். நாயர் வாயில் கைவைத்துக்கொண்டார்.

"பொண்டாட்டிகிட்டத் தொறக்கலைன்னு சொன்னா எந்தா?"

"கேரியரை எடைக்குப் போட்டுட்டேன் நாயரே" என்றார் பிள்ளை பரிதாபமாக.

நாயருக்கு அதன் ஆழம் புரியவில்லை. அவருக்குத் தன் கஞ்சிதான் பெரிது. "அதெல்லாம் எனக்கு அறிய வேண்டா. சரசம்மா இப்ப உங்க வீட்டில வந்திருக்கு. ஆபீஸ் விட்டதும் இது அத்தனையும் எடுத்திட்டு வாரும். நீரே பறையணும்."

சனிக்கிழமை அரை நாள்தான். மத்தியானம் இரண்டு பேரும் ஜாடிகளைச் சாக்குப் பையில் கட்டி, அன்று காலை வந்ததையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, ஒரு குதிரை வண்டியில் ஏறினார்கள். பை பிள்ளையின் மடியில் இருந்தது. வண்டி குலுங்கினபோது பைக்குள் ஏதோ முனகினது. நாயர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.

கரமனை வீட்டுக் கூடத்தில் சொர்ணம்மாளும் சரசம்மாவும் காத்து உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை ஜாடிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார்.

சரசம்மா குனிந்து பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. "இது நெறச்சும் சோறாணல்லோ! அப்போ அவள்னு ஒருத்தி இல்லையா?"

"அதைத்தானே நான் நேத்து ராத்திரி முழுக்கப் பறஞ்சேன்!" என்றார் நாயர்.

சொர்ணம்மாளின் முகம்தான் வாடிப்போனது. ஒவ்வொரு ஜாடியையும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. துவரன்கூட வைத்த இடத்திலேயே இருந்தது.

"ஒரு நாளும் சாப்பிடலையா? உப்புக் கூடிப் போச்சா? பிடிக்கலைன்னா சொல்லியிருக்கலாமே."

அவள் குரல் உடைந்ததைக் கேட்டதும் பிள்ளையால் தாங்க முடியவில்லை. "அய்யோ, அதெல்லாம் இல்ல சொர்ணம். தொறக்க முடியல."

"என்னது?"

"மூடி... வரல. ஆபீஸே சேர்ந்து இழுத்தும் வரல."

சொர்ணம்மாள் அன்று காலை கட்டிக் கொடுத்த ஜாடியை எடுத்து, கொக்கியைத் தள்ளிவிட்டு, ரப்பர் வளையத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஸ்ஸ் என்று ஒரு சத்தம். மூடி அவள் கையோடு வந்தது.

"சூடா வச்சு மூடினா ஆறினதும் இறுகிப் பிடிச்சுக்கிடும். இப்பிடி இழுத்தாக் காத்துப் போயி விட்டிரும். ஊறுகா எடுக்க நான் நித்தம் இதைத்தானே செய்யேன்?"

"இதை ஏன் நீ எங்கிட்டச் சொல்லல?"

"நீங்கோ கேட்டேளா? வாங்கிட்டு வந்த அன்னைக்கு எனக்குப் பாடம் எடுத்தது நீங்கோ. தெரிஞ்சவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

ஸ்ரீகண்டன் நாயருக்கு ஒரே உற்சாகம். "இத்தரையேயுள்ளா? எங்க, நான் ஒண்ணு தொறக்கேன்" என்று முன்னாலிருந்த திங்கட்கிழமைச் சாம்பார் சாதத்தை மடியில் வைத்துக் கொக்கியைத் தொட்டார். இத்தனை நாள் அத்தனை பேர் இழுத்தும் வராத மூடி, யாரும் இழுக்காமலேயே டப்பென்று பறந்து உத்தரத்தில் பட்டது. புளித்து நுரைத்த சாம்பார் நாயரின் கஞ்சி போட்ட சட்டையிலும், மீசையிலும், ஒரு பருப்பு கண்ணிமையிலுமாகப் போய் ஒட்டிக்கொண்டது. வாடை கூடத்தை நிறைத்தது.

முதலில் சிரித்தது சரசம்மா. சிரித்துக்கொண்டே தன் முந்தானையால் கணவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ராத்திரி கஞ்சி தந்திருக்கலாம், பாவம்" என்றாள். சொர்ணம்மாளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை தன்னுடைய புதுச் சட்டையைக் கொண்டுவந்து நாயருக்குக் கொடுத்தார். அது இரண்டு பக்கமும் பொத்தான் எட்டாமல் நின்றது. அந்தக் கோலத்திலேயே நாயர் தம்பதி சமாதானமாக வண்டியேறிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகும் சொர்ணம்மாள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்பம் இத்தனை நாளும் மத்தியானம் என்ன சாப்பிட்டேள்?"

"போத்தி ஹோட்டல்ல தோசை."

"சாதா தோசையா?"

பிள்ளை பொய்க்குப் பயந்துபோயிருந்தார். "நெய் ரோஸ்ட்."

சிரிப்பு நின்றது. "ஆபீஸ் போறவரு, நாலு பேரு மத்தியில இருந்து சாப்பிடுகவருன்னு ரேஷன் அரிசியை உங்களுக்கு ஒதுக்கிட்டு, நானும் பிள்ளைகளும் மத்தியானம் மரச்சீனிக் கிழங்காக்கும் அவிச்சுத் திங்கோம். நீங்கோ அந்தச் சோத்தைப் பூட்டி வச்சிட்டு நெய் ரோஸ்ட் திண்ணிருக்கேள்."

மத்தியானம் வீட்டில் மரவள்ளிக் கிழங்குதான் என்பது பிள்ளைக்குத் தெரியாது. ராத்திரியில் எல்லோருக்கும் சோறு இருந்தது. வேலை நாளில் மத்தியானத்தில் அவர் வீட்டில் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் இலையில் சோறு இருந்ததைப் பார்த்திருக்கிறார். மற்ற இலைகளைப் பார்த்ததில்லை. தரையில் வரிசையாக இருந்த ஜாடிகளைப் பார்க்க அவருக்கே கூசியது. கேரியரைச் சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. கெட்டுப்போன சாதத்தைக் கொட்டுவதற்காகக் கொல்லைப்புறம் போனாள்.

பிள்ளை ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் போனார். கிணற்றடியில் உட்கார்ந்து சாம்பலும் எலுமிச்சந்தோலுமாக ஒவ்வொன்றையும் தேய்த்துக் கழுவினார். அவர் பாத்திரம் கழுவினதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மதில்மேல் எட்டிப் பார்த்தார்கள். காப்பி ஜாடி மட்டும் நாற்றம் விடாமல் மூன்று தரம் கழுவ வைத்தது.

"இன்னைக்குக் காலையில வச்ச சோத்தைப் பிள்ளைகளுக்குப் போடு. எனக்குக் கிழங்கு வை" என்றார்.

"உங்களுக்கு அது வாயு."

"நெய் ரோஸ்டும் வாயுதான்."

சொர்ணம்மாள் கிழங்கோடு சின்ன உள்ளியும் காந்தாரி மிளகாயும் சதைத்து, கொஞ்சம் தேங்காயெண்ணெயும் விட்டு வைத்தாள்.

திங்கட்கிழமை மதியம் ஆபீசில் அதே கூட்டம் கூடியது. ஜாடியில் மரச்சீனிக் கிழங்கு வெள்ளை வெளேரென்று எல்லோருக்கும் தெரிந்தது. பஞ்சாபகேச ஐயர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கிழங்கா ஓய்?"

"கிழங்குதான் சார். வீட்டில எல்லாரும் இதுதான்" என்றார் பிள்ளை. சொல்லிவிட்டு ரப்பர் நுனியை இழுத்தார். ஸ்ஸ் என்றது. மூடி வந்தது. ஆபீசே கைதட்டியது. பந்தயத்தில் தோற்றவர்கள் மட்டும் முணுமுணுத்தார்கள்.

அத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் கூடி நிற்கும்போது பிள்ளையால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? சூட்டினால் காற்று எப்படி வெளியேறுகிறது, ஆறினதும் மூடியை எது அமுக்குகிறது, நுனியை எந்தப் பக்கமாக இழுக்க வேண்டும், ஏன் இரண்டு விரல் போதும் என்று விளக்கிக்கொண்டே போனார். தானே கண்டுபிடித்ததுபோலத்தான் பேசினார். நடுவில் ஒரு தரம் "என் வீட்டுக்காரி சொன்னது" என்று திருத்திக்கொண்டு, மறுபடி தொடர்ந்தார்.

பேசி முடித்துத் திரும்பியபோது ஸ்ரீகண்டன் நாயர் கிழங்கில் பாதியைத் தின்று முடித்து, காந்தாரியின் காரத்தில் கண்ணீர் வழிய, மிச்சப் பாதியையும் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.