சமுரெஸ்கு பிரபு ஒளிவிழாவுக்கு இறங்கி வந்தது

இதனால் ஐரோப்பாவின் சகல அரசுகளுக்கும், திருச்சபைக்கும், புலம்பெயர்ந்த சங்கங்கள் அனைத்துக்கும் அறியத்தருவது என்னவென்றால், மூன்று வருடங்களுக்கு முந்திய மார்கழியில், டென்மார்க்கின் ஹேர்னிங் தமிழர் ஒன்றியத்தின் கிறிஸ்து பிறப்பு ஒளிவிழாவுக்குப் பிரதம விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அவர் 1889இல் புக்கரெஸ்ட் நகரில் காலமானவர் என்பது இரண்டாம்பட்சம்.

பெயர் இயோர்கு சமுரெஸ்கு. ருமேனியாவின் பழைய பிரபு வம்சம். காடும் வயலும் அதில் உழுதவர்களும் தங்கள் குடும்பத்துக்குச் சொந்தமாயிருந்த காலத்தில் பிறந்து, பாரிசில் படித்து, சுதந்திரம் என்ற சொல்லை அங்கிருந்து ஒரு தொப்பியோடு சேர்த்து வாங்கிவந்தவர். இரண்டு தரம் நிதி அமைச்சர், ஒரு தரம் வெளிநாட்டு அமைச்சர், மூன்று கிழமை பிரதமர். அவருடைய செத்தவீட்டில் அமைச்சர்கள் வரிசையாக இரங்கலுரை ஆற்றினார்கள். பாதியில் பெட்டி ஆட்டம் கண்டது. கடைசிப் பேச்சாளர் ‘தேசத்தின் தந்தை’ என்றதும் மூடி திறந்து பிரபு மேலே போனார். குடும்பத்தார் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, வெறும் பெட்டியைப் புதைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். புகழ்ந்தால் கனம் குறைவது அந்த வம்சத்தில் இருந்த நோய். உயிரோடு இருந்தவரை எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் திட்டித் திட்டி அவரை நிலத்தில் வைத்திருந்தன. செத்தவரைத் திட்ட ஆளில்லை. அதனால் மிதந்தார். இரண்டு உலக யுத்தங்களை மேலிருந்து பார்த்தார். தன்னுடைய மாளிகை பாடசாலையாகி, கட்சி அலுவலகமாகி, கடைசியில் பல் வைத்தியரின் கிளினிக் ஆனதையும் பார்த்தார். பிறகு ஒரு காற்று அவரை டென்மார்க்கின் யூலண்டுக்கு மேலே தள்ளியது. மகன் டொக்டராகி வந்து நின்றாலும் ‘மோசமில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிற சனம் வாழும் தரை அது. அந்தக் காற்றில் எந்த அமைச்சரும் கனநேரம் மிதக்க முடியாது. ஹேர்னிங்குக்கு வெளியே ஒரு பீட்கிழங்கு வயலில், பதக்கங்கள் கிலுகிலுக்க, மெதுவாக வந்து இறங்கினார்.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நீக்கிலாஸ் காரை நிறுத்தினார். பிரபு பிரெஞ்சில்தான் பேசினார். கேட்பவர்களுக்கு அது யாழ்ப்பாணத் தமிழாகவும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு டேனிஷாகவும் கேட்டது. “இங்கே ஆட்சி ஆருடைய கையில்?” என்று கேட்டார். “அது எனக்குத் தெரியாது ஐயா. நான் ஹேர்னிங் தமிழர் ஒன்றியத் தலைவர்” என்றார் நீக்கிலாஸ். தலைவர் என்ற சொல்லைக் கேட்டதும் பிரபு தொப்பியைக் கழற்றினார். நீக்கிலாசுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பதவிக்காக அதுவரை ஒருவரும் தொப்பி கழற்றியதில்லை.

ஒன்றியத்துக்கு அப்போது உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. நீக்கிலாசும் இரத்தினசிங்கமும் சகலன்மார். எண்பதுகளில் ஒரே அகதி முகாமில் ஒரு பாணைப் பிய்த்துத் தின்று, ஒரே துணி ஆலையில் வேலை செய்து, சேர்ந்து கட்டிய சங்கம் அது. பின்னர் ஒரு விழாவில் இரத்தினசிங்கத்தை இரண்டாம் வரிசையில், தூணுக்குப் பின்னால் இருத்திவிட்டார்கள். அதோடு பேச்சுவார்த்தை அற்றது. இழப்பு அவர்களுக்கல்ல, அவர்களுடைய மனைவிமாருக்கு. மாக்கிரட்டும் விக்ரோரியாவும் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி. கிழக்கு பெர்லின் வழியாக ஒரே ஒரு குளிர் கோட்டோடு வந்து, முதல் மாரி முழுக்க அதை மாறிமாறிப் போட்டவர்கள். புருசன்மாரின் கோபத்தால் ஒருத்தி வீட்டுக்கு மற்றவள் போக முடியாது. ஒளிவிழா அன்று மண்டபக் குசினியில் மட்டும் சேர்ந்து சமைக்கலாம். சமையலுக்கு வேறு ஆளைப் பிடிக்கப் புருசன்மார் இருவருக்கும் தைரியம் இல்லை. ஒன்றியம் உடைந்தால் அந்த ஒரு நாளும் போய்விடும். மாக்கிரட் அதற்காகவே வருசம் முழுக்கச் செபமாலை சொன்னாள்.

அந்த வருசம் சண்டை பிரதம விருந்தினரில் வந்து நின்றது. நீக்கிலாசின் பகுதி சொன்ன ஆளை இரத்தினசிங்கத்தின் பகுதிக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் சொன்ன ஆளின் கலியாணத்துக்கு இவர்களைக் கூப்பிடவில்லை. சமுரெஸ்குவுக்கோ ஒருவரோடும் சொந்தமில்லை, ஊரில் எந்தக் கோயிலோடும் வழக்கில்லை. இரண்டு பகுதியும் சம்மதித்தது. பிரபுவுக்கு ஆச்சரியம் இல்லை. “நாங்களும் இதைத்தான் செய்தோம். எங்கள் குடும்பங்களில் ஒருவனை அரசனாக்க மற்றவன் விடமாட்டான். கடைசியில் ஜெர்மனியிலிருந்து ஓர் இளவரசனைக் கூட்டிவந்தோம்” என்றார்.

விழாவில் நீக்கிலாஸ் பொன்னாடை போர்த்தி, ‘கிழக்கு ஐரோப்பாவின் விடிவெள்ளி’ என்றார். பிரபுவின் சப்பாத்து மேடையை விட்டுக் கிளம்பியது. ‘விடிவெள்ளி மட்டுமா?’ என்று இரத்தினசிங்கம் மைக்கைப் பறித்து, இரண்டாவது பொன்னாடையை ஏணி வைத்துப் போர்த்தி, ‘உலகத்தின் சூரியன்’ என்றார். பிரபு கூரையில் முட்டினார். நத்தார் அலங்காரம் அறுந்து விழுந்தது. பிள்ளைகள் டேனிஷில் சிரித்தார்கள். பெரியவர்கள் கைதட்ட, அவர் யன்னல் பக்கமாக நகரத் தொடங்கினார். விருந்தினர் வெளியே பறந்துபோனால் பழி ஆருடையது என்று கீழே அப்போதே இரண்டு அணியாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். சத்தம் கேட்டு விக்ரோரியா அகப்பையோடு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

“என்ன ஐயா, மூன்று கிழமை பிரதமரா இருந்ததுக்கே இந்த எழுப்பமோ? எங்கட அக்கா முப்பது வருசமா இந்தச் சங்கத்துக்குச் சோறு போடுறா. அவ நிலத்திலைதான் நிக்கிறா. இறங்கும், கறி ஆறுது!”

பிரபு பொத்தென்று விழுந்தார். எழுந்தபோது முகம் கலியாண மாப்பிள்ளையின் முகம்போல இருந்தது. செத்தபின் அவரை ஒருவர் ஏசியது அதுதான் முதல் தடவை. நேரே குசினிக்குப் போய், கவிழ்த்துவைத்த வாளியில் குந்தி, இன்னும் கொஞ்சம் ஏசும்படி கேட்டார். “வெங்காயம் உரிக்கத் தெரியாத நீரெல்லாம் என்ன அமைச்சர்?” என்றாள் விக்ரோரியா. அவர் சந்தோசமாக உரித்தார். கண்ணீர் வெங்காயத்தாலா என்று தெரியவில்லை. புக்கரெஸ்டில் மாலை நேரம் குதிரை வண்டிகள் போகும் பெரிய வீதியையும், விருந்தாளிக்கு வாசலில் கரண்டியில் நீட்டும் ரோசாப்பூப் பாகையும், பக்கத்தில் ஒரு குவளை பச்சைத் தண்ணீரையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றியம் உடைந்துவிடுமோ என்ற தன் பயத்தை மாக்கிரட் சொன்னாள்.

“உடையட்டும் அம்மா,” என்றார் பிரபு. “நானும் என் சகலனும் எதிரெதிர்க் கட்சி. காலையில் அவனுடைய அரசாங்கத்தை நான் கவிழ்ப்பேன். இரவு இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். மனைவிமார் அக்கா தங்கச்சி, சமையற்காரி ஒருத்தி. ஒரே கட்சியில் இருந்த காலத்தில்தான் ஒருவரை ஒருவர் சுடப் போனோம்.”

“ஆம்பிளையளுக்கு ஆளுக்கொரு தலைவர் கதிரை வேணும். அவ்வளவுதான், ஓமோ?” என்றாள் மாக்கிரட்.

“அதற்குப் பெயர்தான் அம்மா அரசியலமைப்பு.”

திரும்ப மேடைக்குப் போன பிரபு ஒன்றியத்தை இரண்டாகப் பிரித்தார். அதை அவர் செய்த விதத்தில் ஒரு ராச்சியம் பிரிவதுபோல எல்லோருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நீக்கிலாஸ் ஹேர்னிங் தமிழர் ஒன்றியத்தின் தலைவர். இரத்தினசிங்கம் ஹேர்னிங் தமிழர் பேரொன்றியத்தின் தலைவர். இரண்டு பேருக்கும் முதல் வரிசை. அன்று இரவே அவர்கள் ஒருவரை ஒருவர் ‘மாண்புமிகு’ போட்டு விளித்துக் கதைக்கத் தொடங்கினார்கள். இன்றுவரை மேடையில் அப்படித்தான் கதைக்கிறார்கள், வீட்டுக்குப் போக்குவரத்து மட்டும் இல்லை. சமுரெஸ்கு இரண்டுக்கும் நிரந்தரப் பிரதம விருந்தினர். ஊரில் ஒரு சின்ன வீடெடுத்து இருக்கிறார். சனிக்கிழமைகளில் விக்ரோரியா போய் அரை மணித்தியாலம் ஏசிவிட்டு வருவாள். மற்ற நாட்களில் சப்பாத்துக்குள் ஈயக்கட்டி போட்டுக்கொள்கிறார். அவர் கொஞ்சம் மிதந்து போனாலும் அயலட்டை டேனிஷ்காரர் கையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் போய்விடுவார்கள்.

மார்கழியில் இப்போது இரண்டு ஒளிவிழா, அடுத்தடுத்த சனி, ஒரே மண்டபம், ஒரே குசினி. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரு நாள் இரண்டு நாளாகிவிட்டது. அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து கதைதான். சிரிப்பு மேடைவரை கேட்கும், பேச்சாளர்கள் நிறுத்தி நிறுத்திப் பேசவேண்டியிருக்கும். கதைப் பிராக்கில், கவனமில்லாமல், ஆளுக்கொரு தரம் உப்புப் போட்டுவிடுகிறார்கள். சென்ற வருசம் இரண்டு விழாவிலும் ஆட்டிறைச்சிக் கறியை ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை.