ஒட்டிக்கொண்ட தாள்கள்

மதியத்துக்கு மேல் டீச்சருக்கு எல்லாப் பிள்ளைகளின் சத்தமும் ஒரே இரைச்சல்தான். அதில் தனித்துக் கேட்பது ‘ரேடியோ’வின் குரல். முதல் வகுப்புச் சிறுமி. புத்தகத்தை எடுத்தால் நிறுத்தாமல் வாசிப்பாள் என்பதால் வந்த பெயர். நாளை பெற்றோர் கூட்டத்தில் மேடையேறி வாசிக்கப்போவதும் அவள்தான்.

கடைசி ஒத்திகை. பூனைக் கதையில் இரண்டு தாள்கள் பசையில் ஒட்டியிருந்தன. ரேடியோ சேர்த்தே புரட்டிவிட்டாள். எதிரே குளத்தின் படம். அவளோ, ஒட்டிய தாள்களுக்குள் மறைந்திருந்த “பூனை கூரைமேல் ஏறியது” என்ற வரியைக் கணீரென்று வாசித்தாள்.

இத்தனை நாளாகக் கோட்டை விட்டிருக்கிறோம் என்று டீச்சருக்கு உறைத்தது. இன்னொரு பக்கத்தில் படத்தைக் கையால் மறைத்து, கீழே இருந்த ‘மரம்’ என்ற சொல்லைக் காட்டினார். சிறுமி சொல்லைப் பார்க்கவில்லை. கையையே பார்த்தாள்.

பள்ளி விட்டதும் அம்மா வந்தாள். சட்டைக் கம்பெனியில் வேலை. புடவையெல்லாம் நூல் பிசிறு.

“நாளைக்குக் கலக்கிடுவால்ல, டீச்சர்?”

பேசாமல் இருந்துவிடலாம். கைதட்டலோடு முடிந்துவிடும். அப்புறம் இரண்டாம் வகுப்பு டீச்சர் பாடு.

“உக்காருங்கம்மா. இவளுக்கு இன்னும் வாசிக்க வரல.”

“வெளையாடாதீங்க டீச்சர். மூச்சு விடாம வாசிக்கிறா!”

“அத்தனையும் மனப்பாடம்மா.”

அம்மாவின் முகம் தொங்கிப்போனது. “தூக்கம் சொக்கச் சொக்க தினமும் வாசிச்சுக் காட்டினேனே. எல்லாம் வீணா?”

“வீணில்ல. கதை உள்ள போயிருக்கு. எழுத்து போகல. நானும்தான் கவனிக்கல.”

“மேடை?”

“இப்ப வேண்டாம்மா.”

“கம்பெனி பூரா சொல்லி வச்சிருக்கேன்…”

டீச்சர் சிறுமியைக் கிட்டே அழைத்தார். சிலேட்டில் ‘மரம்’ என்று எழுதி, மேசை டப்பாவிலிருந்து ஒவ்வொரு எழுத்தின் கீழும் ஒரு பட்டனை எடுத்து வைத்தார். “சத்தத்தைச் சொல்லி ஒண்ணொண்ணா நகர்த்து. அப்புறம் சேர்த்துச் சொல்லு.”

“ம… ர… ம்.” சிறுமி யோசித்தாள். “பூனை?”

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “நாள் பூரா பட்டனோட மல்லுக்கட்டிட்டு வந்தா, இங்கயுமா?” என்றபடி நாற்காலியைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

“திரும்ப,” என்றார் டீச்சர்.

சிறுமி டீச்சரின் கையைத் தேடினாள். அது மடியில் கிடந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் குனிந்து சிலேட்டைப் பார்த்தாள்.